குரலும் முகமும்: புதிய பாடகரை அறிமுகஞ் செய்த காட்சிப்படைப்புகள் — அம்பாறைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

இசை கேட்கப்படுவது, பார்க்கப்படுவதன்று. ஆயினும் கடந்த நூறாண்டுக் காலத்திற்கு மேலாக, புதிதாக வரும் பாடகர் எவரும் ஒரு படமின்றி மக்கள் முன் வந்ததில்லை என்று கூறுமளவுக்குக் குரலோடு காட்சி பிணைந்துள்ளது. இசைத்தட்டின் நடுவிலுள்ள வட்டத்தாள், பாட்டுப் புத்தகத்தின் மேலட்டை, நாடக நோட்டீஸ், ஒலிநாடாப் பெட்டியினுள் மடித்து வைக்கப்பட்ட அட்டை, இன்றைய கைத்தொலைபேசித் திரையில் தோன்றும் சிறு சதுரப்படம் ஆகிய யாவும் இந்தப் பிணைப்பின் வெவ்வேறு கட்டங்களைக் குறிப்பன. தமிழிசை வரலாற்றை எழுதியோர் பாடலையும் பாடகரையும் இராகத்தையும் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளனர். பாடகரை மக்களுக்கு அறிமுகஞ் செய்த இப்படங்கள் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. அவற்றை வெறும் விளம்பரமெனத் தள்ளிவிடும் மனப்பாங்கே இதற்குக் காரணம் எனலாம்.

ஆனால் விளம்பரமும் ஒரு சமூக ஆவணமே. யாருடைய பெயரை எந்த அளவு எழுத்தில் அச்சிடுவது, யாருடைய முகத்தைக் காட்டுவது, யாரை விட்டுவிடுவது என்னும் தீர்மானங்கள் அனைத்தும் அதில் பதிந்துள்ளன. அத்தீர்மானங்களைச் செய்தவர்கள் யார், எந்தப் பொருளியல் நிலைமைகளில் செய்தார்கள் என்பதை அறிவது பண்பாட்டு வரலாற்றின் பணிகளுள் ஒன்று. கல்முனை முதல் ஒலுவில், அட்டாளைச்சேனை ஈறாகவுள்ள அம்பாறைக் கரையோரத் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களை முன்வைத்து இவ்வினாவை நோக்க இக்கட்டுரையில் முனைகின்றோம்.

1. பாடுவோரும் கேட்போரும் ஓரிடத்தில்

கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களிடையே வழங்கிவந்த கவிகளும் தாலாட்டுகளும் வயலிலும் வீட்டு முற்றத்திலும் பாடப்பட்டவை. பொல்லடி ஆடுவோரும், றபான் தட்டிப் பாடுவோரும், நோன்பு மாதத்துச் சஹர் வேளையில் தெருத்தெருவாகப் பைத் பாடிச் சென்று ஊரை எழுப்பிய பக்கீர் பாவாக்களும் கேட்போரின் கண்ணெதிரே நின்றவர்கள். அவர்களுக்குப் படம் தேவைப்படவில்லை. இன்னாருடைய மகள், இன்ன வட்டையில் வெள்ளாமை வெட்டுபவர் என்று ஊர் அவர்களை அறிந்திருந்தது.

இந்நிலையில் காட்சி அடையாளம் இருக்கவில்லை என்று கொள்வது தவறு. அது தனிமனிதரைக் குறிக்காது கூட்டத்தையும் நிகழ்வையும் குறித்தது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக நிகழும் கொடியேற்றம் இதற்குத் தக்க சான்று. உயர ஏறும் கொடி நெடுந்தூரத்திலிருந்தே விழாவை அறிவிக்கிறது. அங்கே பாடுவோர் எவராயினும் அவரை அறிமுகஞ் செய்வது அக்கொடியே. காட்சி முழுச் சமூகத்திற்கும் உரியதாய் இருந்தது. அதற்கு உரிமையாளர் என்று தனியொருவர் இல்லை.

பாடுவோரையும் கேட்போரையும் இயந்திரம் பிரித்த பின்னரே இந்த நிலை மாறியது. கண்ணெதிரே இல்லாத ஒருவரின் குரலை விற்க வேண்டுமாயின், வாங்குபவருக்கு அவர் யாரென்று சொல்லியாக வேண்டும். பாடகருக்கான விளம்பரப்படம் என்னும் தொழில் இப்பிரிவிலிருந்து பிறந்ததாகும்.

2. நாயின் படமும் பாடகியின் பெயரும்

1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பனியின் ஒலிப்பதிவாளர் பிரெடரிக் கைஸ்பேர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடலைப் பதிவு செய்தார். ஏறத்தாழ மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும் அப்பாட்டின் இறுதியில், தம் பெயர் கௌஹர் ஜான் என்று பாடகியே ஆங்கிலத்தில் அறிவிப்பதைக் கேட்கலாம். மெழுகில் பதிந்த ஒலி ஜேர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு அங்கே தட்டாக அச்சிடப்பட்டது. இந்திய மொழி எதனையும் அறியாத அந்நகரத் தொழிலாளர் எந்தத் தட்டில் எந்தப் பெயர்த்தாளை ஒட்டுவதென்று தெரிந்துகொள்ள இவ்வறிவிப்பு உதவியது. பிற்காலத்தில் இது கலைஞரின் பெருமிதக் குரலாகக் கேட்கப்பட்டாலும், தோற்றத்தில் அது ஒரு தொழிற்சாலைத் தேவை. புதிய பாடகரின் முதல் விளம்பரம் இவ்வாறு அவருடைய வாயிலிருந்தே வந்தது.

முகம் எங்கே போயிற்று? இசைத்தட்டின் வட்டத்தாளில் இடம்பெற்ற படம் பாடகருடையதன்று. பிரான்சிஸ் பராட் என்னும் ஆங்கில ஓவியர் தீட்டி, 1899இல் கிராமபோன் கம்பனி விலைக்கு வாங்கிய, ஒலிபெருக்கிக் குழலருகே அமர்ந்திருக்கும் நாயின் ஓவியமே பின்னர் அக்கம்பனியின் வணிகச் சின்னமாய் உலகெங்கும் தட்டுகளில் சுழன்றது. பராட் முதலில் தீட்டியது உருளைவடிவப் பதிவுகளை இசைக்கும் வேறோர் இயந்திரம். அதன்மேல் கிராமபோனைத் தீட்டிக் கொடுத்த பின்னரே கம்பனி அதனை ஏற்றது. வாங்குபவரின் விருப்பத்திற்கிணங்க ஓவியர் தம் படத்தைத் திருத்துவது இத்தொழிலின் தொடக்கத்திலேயே நேர்ந்துள்ளமை கவனிக்கத்தக்கது. ஆயிரம் பாடகர்கள் வந்தும் போயும் இருக்கலாம். தட்டின் முகம் கம்பனியின் முகமாகவே நிலைத்தது. உற்பத்திச் சாதனத்தின் உடைமை படத்தின் உடைமையாகவும் விளங்கியமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாடகரின் முகம் வேறிடங்களில் வெளிப்பட்டது. கௌஹர் ஜானின் உருவம் அஞ்சலட்டைகளிலும் ஒஸ்திரியாவில் செய்யப்பட்ட தீப்பெட்டிகளிலும் அச்சாகி விற்பனையானது. இசைத்தட்டை வாங்க வசதியற்றவரும் தீப்பெட்டியை வாங்கினார். குரல் சென்று சேராத இடத்திற்கு முகம் சென்றது. அப்படத்தினால் வணிகர் ஈட்டிய இலாபத்தில் கலைஞருக்குப் பங்கிருந்ததா என்னும் வினாவும் இங்கேயே எழுகின்றது.

தமிழ்நாட்டின் தொடக்ககால இசைத்தட்டுகளில் காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், சேலம் கோதாவரி முதலிய பெண் கலைஞர்களின் பெயர்கள் முன்னிற்கின்றன. நாடக மேடையிலிருந்து தட்டுக்கு வந்த கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் பெயரும் அத்தகையதே. ஊர்ப்பெயர் இங்கே படத்தின் வேலையைச் செய்தது. முகம் அறியாத பாடகியை நிலத்தோடு சேர்த்து மனத்திற் பதிய வைப்பதற்கு ஊர்ப்பெயரைவிடச் சிக்கனமான விளம்பரம் வேறில்லை. இம்மரபு அம்பாறைக் கரையோரத்தவர்க்கு அந்நியமானதன்று. மருதமுனையிலிருந்து எழுதியோர் மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி என்றும், பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன் என்றும் ஊரையே புனைபெயராக்கிக் கொண்டமை நாம் அறிந்ததே. இலக்கியத்தில் அது பற்றின் வெளிப்பாடு. இசை வணிகத்தில் அதே பற்று விற்பனைக்கும் உதவியது.

3. புளொக்கின் பொருளியல்

இசைத்தட்டுக்கு இணையாகப் பாடகரை அறிமுகஞ் செய்தவை மலிவுப் பாட்டுப் புத்தகங்களும் நாடக நோட்டீசுகளும் ஆகும். சென்னைக் குஜிலிக் கடைப் பதிப்புகளின் மேலட்டைகளை நோக்குவோர் ஒரே மரச்செதுக்குப் படம் தொடர்பற்ற பல நூல்களில் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பர். படம் பாடலுக்காக வரையப்பட்டதன்று. அச்சகத்தின் கையிருப்பில் இருந்ததாகும். பின்னர் நிழற்படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து உலோகத் தகட்டில் ஏற்றும் முறை பரவியபோது, கலைஞரின் உண்மை முகத்தை அச்சிடுவது இயன்றது. ஆயினும் தகட்டுக்குப் பணம் வேண்டும். புகழ்பெற்றவருக்குப் புதிய புளொக் செய்யப்பட்டது. புதியவருக்குப் பூங்கொத்தோ வீணையோ பிறைநிலவோ போதுமென விடப்பட்டது. அறிமுகம் அதிகம் தேவைப்பட்டவருக்கே அறிமுகப்படம் கிட்டாத முரண்பாடு இது.

அம்முரண்பாட்டை எழுத்தால் நிரப்ப முயன்றவை நோட்டீசுகள். பட்டங்களும் வியப்புக்குறிகளும் பெரிய எழுத்துகளும் கொண்ட அத்தாள்களை நடைநயமற்றவை என்று பழிப்பதற்கில்லை. படத்திற்குப் பொருள்வளம் இல்லாதவிடத்து எழுத்தே படமாயிற்று. சிறிய அச்சகத்தின் எழுத்துக் கோப்பவர் தம்மிடமிருந்த சில வகை அச்செழுத்துகளைக் கொண்டு ஒரு முகத்தை வரைய முயன்றார் என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

மேலைநாட்டில் இத்தொழில் தனித்துறையாக வளர்ந்த காலமும் இதுவே. 1940இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் பணிபுரிந்த அலெக்ஸ் ஸ்ரைன்வைஸ், அதுவரை வெறும் பழுப்புத்தாளில் பொதியப்பட்ட இசைத்தட்டுத் தொகுதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி ஓவிய மேலட்டை வரைந்தார். 1948இல் நெடுநேர இசைத்தட்டு வெளிவந்த பின்னர், பன்னிரண்டு அங்குலச் சதுர மேலட்டை உலகளாவிய வடிவமாயிற்று. ஸ்ரைன்வைஸ் தம் அட்டைகளில் கையொப்பமிட்டார். அவர் பெயரை இன்று நாம் அறிவோம். நம்மிடையே கோவில்பட்டி சி. கொண்டையராஜூ (1898–1976) போன்ற சிலரின் பெயர்கள் நாட்காட்டிப் படங்களால் நிலைத்தன. பாட்டுப் புத்தக அட்டைகளைச் செதுக்கிய பெரும்பாலோரோ பெயரின்றி மறைந்தனர்.

4. வானொலியும் ஒலிநாடாவும்

இலங்கையில் படம் பெறாத பாடகருக்கு வாய்ப்பளித்த சாதனம் வானொலி. 1925இல் கொழும்பில் முறைப்படி தொடங்கிய ஒலிபரப்பு, 1949இல் இலங்கை வானொலியாகவும் 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகவும் வளர்ந்தது. முஸ்லிம் நிகழ்ச்சிகள் தமிழில் ஒலித்தமையால் கரையோர ஊர்களின் கலைஞர்களும் கேட்போரும் அதனைத் தமதாகக் கருதினர். வானொலியில் முகம் இல்லை. அறிவிப்பாளர் பெயரைச் சொல்லும் முறையே மேலட்டை. தகட்டுக்குப் பணமில்லாதவரும் அறிமுகமாக இயன்றதென்பதால், பொது உடைமையில் இருந்த வானொலி தனியார் இசைத்தட்டு வணிகத்திலும் சனநாயகத் தன்மை கொண்டிருந்தது எனலாம்.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்துப் பொப்பிசை இவ்வழியாகவே பரவியது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராக இருந்தவர் என்பது இப்பிரதேசத்தார் நினைவிற் கொள்ளத்தக்கது. ஏ. ஈ. மனோகரன் (இறப்பு: 2018) இலங்கையின் எல்லைகடந்து அறியப்பட்டார். பெரும் சபாக்களின் ஆதரவோ திரைப்பட நிறுவனங்களின் சுவரொட்டியோ இன்றி எழுந்த இசை இது. இலங்கைத் தமிழரிடையே இசைக்கலைஞர் என்றால் மேடையில் அமர்ந்து பாடுபவர் என்றிருந்த காட்சிப் படிமத்தை, கிற்றாருடன் நிற்கும் இளைஞரின் படிமம் அசைத்தது.

முஸ்லிம் ஊர்களில் இதற்கிணையான, இதனினும் நீடித்த செல்வாக்குடையவர் நாகூர் இ. எம். ஹனிபா (1925–2015). அவர் பிறந்தது இராமநாதபுரத்தில். பெயரில் நிலைத்தது நாகூர். கல்முனைக்குடியில் நாகூர் ஆண்டகையின் கொடி ஏறும் கரையோரத்தில், இசைத்தட்டின்மீது அச்சான அவ்வூர்ப்பெயர் புதிதாய் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வணிகத்திற்கு முந்திய கொடியின் அடையாளத்தை வணிகம் தனதாக்கிக்கொண்டதன் விளைவு இது. அவரது பாடல்கள் கலியாண வீடுகளிலும் சுன்னத்துக் கலியாணங்களிலும் தென்னையில் கட்டிய ஒலிபெருக்கிகளிலிருந்து ஒலித்தன.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகஞ்செய்த ஒலிநாடாப் பேழை இலங்கை ஊர்களில் பெருகியது 1977இன் பின்னராகும். அவ்வாண்டில் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. மத்திய கிழக்கிற்குத் தொழில் தேடிச் சென்றோர் வானொலியும் ஒலிநாடாவும் இணைந்த கருவிகளை வீடுகளுக்குக் கொணர்ந்தனர். இஸ்லாமியப் பாடல் ஒலிநாடாக்களின் அட்டைகளில் பிறை, மினாரா, கஃபா, மதீனாவின் பச்சைக் குவிமாடம் என்பன வழமையான உருக்களாயின. அவற்றின் ஓரத்தில் தொப்பியணிந்த பாடகரின் முகம். உருவப்படம் குறித்துச் சமயத்தில் நிலவிய தயக்கத்திற்கும் வணிகத்தின் முகத்தேவைக்கும் இடையே எட்டப்பட்ட ஓர் உடன்பாடாக இவ்வமைப்பை நாம் வாசிக்கலாம். புனிதத் தலம் நடுவில், மனிதர் ஓரத்தில்.

ஒலிநாடாவின் இன்னொரு பண்பு அதனை எவரும் பிரதி செய்யக்கூடியமை. கடையில் பிரதியெடுத்துக் கொடுத்த நாடாவில் அட்டை இல்லை. பேனாவால் எழுதிய ஒரு சொல் மட்டுமே இருந்தது. மலிவு கேட்போரை விரிவாக்கியது. அதே மலிவு பாடகரின் பெயரையும் பாடலாசிரியரின் பெயரையும் அட்டை வரைந்தவரின் உழைப்பையும் உதிர்த்துவிட்டது. கலை மக்களிடம் செல்வதும் கலைஞர் மறைவதும் ஒரே செயலில் நிகழ்ந்தன. இம்முரண்பாடு இன்றும் தீரவில்லை.

5. சுருங்கும் பரப்பு

அட்டையின் பரப்பையே அளவுகோலாகக் கொண்டு இவ்வரலாற்றைச் சுருக்கிக் கூறலாம். நெடுநேர இசைத்தட்டின் மேலட்டை 144 சதுர அங்குலம். 1982இல் வந்த இறுவட்டின் அட்டை ஏறத்தாழ 22 சதுர அங்குலம். ஒலிநாடா அட்டையின் முன்பக்கம் ஏறத்தாழ 10 சதுர அங்குலம். கைத்தொலைபேசித் திரையில் வரும் படம் பெருவிரல் நகத்தைச் சற்று விஞ்சும். பரப்புச் சுருங்கச் சுருங்க நிலக்காட்சியும் வாத்தியக்காரரும் பாடலாசிரியரின் பெயரும் வெளியேறின. பாடகரின் முகம் ஒன்றே எஞ்சியது. வாத்தியக் குழுவோடும் ஊரோடும் சேர்த்து அறியப்பட்ட கலைஞர் தனியராக்கப்பட்டார்.

1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி மறு ஆண்டில் பல்கலைக்கழகமாக உயர்ந்த பின்னர், களியோடையை அண்டிய ஒலுவில் நாட்டின் பல பகுதி இளைஞர்களும் கூடும் இடமாயிற்று. இன்று ஒரு மாணவர் தாமே பாடி, தாமே பதிவு செய்து, தாமே படமும் அமைத்து வெளியிட முடிகின்றது. தகட்டுக்குப் பணம் என்னும் பழைய தடை நீங்கிவிட்டது. ஆயினும் கணினியிலும் தொலைபேசியிலும் ஆயத்தமாகக் கிடைக்கும் அச்சுவார்ப்புகள் புதியதொரு கையிருப்பாகியுள்ளன. குஜிலி அச்சகத்தார் ஒரே மரச்செதுக்கைப் பல நூல்களில் பயன்படுத்தியது போலவே, ஒரே இருள்நீலப் பின்னணியும் ஒரே ஒளிவட்டமும் சென்னையிலும் தொரன்றோவிலும் ஒலுவிலிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. மருதமுனை நெசவாளரின் கைத்தறி வரிகளும், பன்பாய் இழைத்த பெண்களின் வண்ண வரிசைகளும் இப்படங்களில் இடம்பெறின், அவை அழகுக்காக மட்டும் அமையா. பாடகரை மீண்டும் ஊரோடு சேர்க்கும்.

6. பெயரும் முகமும் பெறாதோர்

இவ்வளவும் கூறிய பின்னர், ஒரு படமும் பெறாதோரைப் பற்றி வினவ வேண்டியுள்ளது. இக்கரையோரத்தின் மிகச் சிறந்த பாடல்கள் கவி பாடிய பெண்களின் வாயிலிருந்து வந்தவை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோரின் அரிய உழைப்பால் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்கள் அச்சேறின. அவ்வுழைப்பின்றேல் அவை அழிந்திருக்கும். எனினும் நாட்டார் பாடல் தொகுப்பு என்னும் நூல்வகையின் பொது இயல்பு வேறொன்று: மேலட்டையில் தொகுத்தவர் பெயர் வரும், பாடியவர் ‘மக்கள்’ என்னும் பொதுச்சொல்லுள் அடங்குவார்.

நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை, ஆதலால் பெயர் வேண்டுவதில்லை என்பர் சிலர். பாடலை ஆக்கியவர் எவரென அறிய இயலாதிருக்கலாம். பாடிக் கொடுத்தவர் தொகுப்பாளரின் எதிரே அமர்ந்திருந்தவர். கௌஹர் ஜான் தம் பெயரைத் தட்டிலேயே பதித்தமை தொழிற்சாலை கேட்டதனால். வயலில் பாடிய பெண்ணின் பெயரை எவரும் கேட்கவில்லை. பெயரின்மை பாடலின் இயல்பு அன்று. தொகுக்கும் முறையின் விளைவு.

பெண்களின் குரலும் உருவமும் பொதுவில் வருதல் பற்றிச் சமயத்தின் பேரால் எழும் தயக்கங்களையும் நாம் புறக்கணிப்பதற்கில்லை. பாடிய பெண்ணே தம் பெயர் வேண்டாமெனக் கூறின் அது அவருடைய உரிமை. அவரைக் கேளாமலே விட்டுவிடுதல் வேறு. முகம் காட்டாமலும் ஒருவரைப் பெருமைப்படுத்த இயலும் என்பதற்கு இவ்வரலாறே சான்று தருகின்றது: வானொலி பெயரால் செய்தது; நோட்டீஸ் எழுத்தால் செய்தது; கடற்கரைப் பள்ளி கொடியால் செய்தது. புதிய கலைஞருக்குப் படமமைப்போர் முகம் அல்லது ஒன்றுமில்லை என்னும் வணிக வாய்பாட்டிற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

ஆவணங்களின் நிலையும் கவலைக்குரியது. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையோர வீடுகளோடு அவற்றிலிருந்த படங்களும் தாள்களும் ஒலிநாடாக்களும் கடலோடு போயின. எஞ்சியவை அலுமாரிகளிலும் பழைய பெட்டிகளிலும் உள்ளன. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். அறிஞர்கள் குப்பையெனக் கருதிய நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் அவர் சேர்த்ததனாலேயே, 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆய்வு நூலகம் எழுந்தது. எழுத்தின் உழைப்பை அறிந்த கைவினைஞருக்கே அதன் வரலாற்றுப் பெறுமதியும் புரிந்தது. ஈழத்தில் 2005 முதல் நூலகம் நிறுவனம் அச்சுப் பிரதிகளை எண்ணிம வடிவில் காத்துவருகின்றது. பாடல் ஒலிநாடா அட்டைகளும் கலைநிகழ்ச்சி நோட்டீசுகளும் அத்தகைய முயற்சிகளின் வரம்பிற்குள் வருதல் வேண்டும். இத்துறையில் களஆய்வு செய்யும் மாணவர், ஒவ்வோர் அட்டைக்கும் பாடியவர், எழுதியவர், வாசித்தவர், வரைந்தவர், அச்சிட்டவர் என ஐந்து பெயர்களைக் கேட்டுக் குறித்தல் நன்று. அவற்றுள் ஒரு பெயரேனும் தெரிந்த முதியோர் நம்மிடையே வாழும் காலத்திலேயே அதனைச் செய்தாக வேண்டும்.